கோப்பாயில் நான்கு ஆண்டுகள்: வீட்டுத்தோட்டத்துச் சொட்டு நீர்ப்பாசன அனுபவம்

வீட்டுத்தோட்டத்துக்குச் சொட்டு நீர்ப்பாசனம் பொருத்த நினைக்கும் யாழ்ப்பாணத்தவர், கடைக்குப் போவதற்கு முன் தமது குசினிக் கேத்திலின் அடியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே வெள்ளைச் செதிள் கட்டியிருந்தால், அதே சுண்ணாம்பு தோட்டத்துக் குழாய்களுக்குள்ளும் கட்டும். நான் இதை இரண்டாம் ஆண்டில், ஒரு வரிசை மிளகாய்க் கன்றுகள் வாடிய பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

எங்கள் காணி கோப்பாயில், செம்மண் நிலத்தில் இருக்கிறது. தோட்டம் அரைப் பரப்பு. கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை, ஒரு மூலையில் கீரை என்று வைத்திருக்கிறோம். 2022 வரை பாத்தி கட்டி வாய்க்காலில் தண்ணீர் மாறும் முறையையே பின்பற்றினோம். ஐயாவின் இளமைக்காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் மண்வெட்டியுடன் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றுவார். மண்ணெண்ணெய் மிசின் வந்த பிறகும் அந்த மூன்றாவது ஆளின் வேலை மாறவில்லை. 2022 இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றும் கிடைக்காமல், மின்சாரமும் நாளில் பல மணி நேரம் துண்டிக்கப்பட்டபோது, கிடைக்கிற சிறு நேரத்தில் தாங்கியை நிரப்பி வைத்துவிட்டால் மிகுதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும் ஒரு முறை வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தூவல் முறையையும் ஒரு பருவம் முயன்றேன். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தண்ணீரில் பாதி வேலிக்குப் போனது. மிகுதி கத்தரி இலைகளில் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக நின்றது. அதைக் கழற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது இதுதான்: இரண்டு மீற்றர் உயரத் தாங்கு மேடையில் 500 லீற்றர் தாங்கி, அதிலிருந்து 15 மீற்றர் நீளமான ஆறு கறுப்புக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 30 சென்ரிமீற்றருக்கு ஒரு சொட்டுத் துளை. ஒரு துளை மணிக்கு 2 லீற்றர் தரும் என்று சுருளில் எழுதியிருந்தது. ஒரு துளையின் கீழே ஜாம் போத்தலை வைத்து ஒரு மணி நேரம் அளந்தபோது ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவே சேர்ந்தது. குழாயில் பிழையில்லை. எழுதப்பட்ட அளவு ஏறத்தாழ பத்து மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்கு உரியது. இரண்டு மீற்றர் உயரத்துக்கு அது பாதிக்கும் கீழே இறங்குவது இயல்பே. இதைத் தெரிந்துகொண்டால், வால்வை அரை மணி நேரத்தில் மூடிவிட்டுச் செடி ஏன் வாடுகிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. நான் கோடையில் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் திறந்துவைக்கிறேன். முன்பு மூன்று நாளுக்கு ஒருமுறை ஐம்பது நிமிடம் இறைத்து ஏறத்தாழ 2,000 லீற்றர் விட்ட அதே தோட்டத்துக்கு, இப்போது மூன்று நாளுக்கும் சேர்த்து 1,200 லீற்றர் போதுமாக இருக்கிறது.

எனக்குத் தண்ணீர் மிச்சத்தை விடப் பெரிதாகத் தோன்றுவது கிணற்றின் நிலை. எங்கள் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்லின் துவாரங்களுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீருமாக இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்குக் கிழக்கே உப்பாறும் கிடக்கிறது. ஒரே மூச்சில் நீண்ட நேரம் இறைத்தால் அடியிலுள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறும்; அப்படி இறைத்த காலத்தில் ஆவணி மாதமளவில் தண்ணீர் சவர் தட்டியது. இப்போது நாளுக்கு ஒருமுறை பன்னிரண்டு நிமிடம் மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்புவதுடன் சரி. கடந்த இரண்டு கோடையிலும் அந்தச் சுவை தெரியவில்லை. பாத்தியில் தேங்கி இறங்கும் தண்ணீர் பசளையின் நைத்திரேற்றைக் கரைத்துக்கொண்டு அதே கிணற்றுக்குப் போய்ச் சேர்வதும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் குடிப்பதும் அந்தக் கிணற்றைத்தான்.

இனி அந்த வாடிய வரிசை. வீட்டுக் கிணற்றுக்கு வடிகட்டி தேவையில்லை என்று விற்றவர் சொன்னதை நம்பி முதலாண்டு வடிகட்டி இல்லாமலே ஓடவிட்டேன். இரண்டாம் ஆண்டு ஆவணியில் கடைசிப் பன்னிரண்டு மிளகாய்க் கன்றுகள் மதியத்தில் தலை தொங்கின. குழாயை அறுத்து ஒரு துளையைப் பிளந்து பார்த்தேன். உள்ளே இருந்த நெளிந்த வாய்க்கால் முழுவதும், வெற்றிலைத் தட்டத்தில் காய்ந்த சுண்ணாம்பு போல வெள்ளையாக இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்ட வரவில்லை. உடனே 120 மெஷ், அதாவது ஓர் அங்குல நீளத்துக்கு 120 கண்கள் கொண்ட வலையுள்ள வடிகட்டி வாங்கிப் பொருத்தினேன். மணலையும் பாசியையும் அது நிறுத்தியது, சுண்ணாம்பை நிறுத்தவில்லை. சுண்ணாம்பு கரைந்த நிலையில் வடிகட்டியைத் தாண்டிப் போய், வெயிலில் கறுப்புக் குழாய் சுடும்போதுதான் உள்ளே படிகிறது. ஆகவே வடிகட்டி அவசியம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பிறகு நான்கு வழக்கங்களைக் கைக்கொண்டேன். காலையில் விடுவதை நிறுத்தி, பொழுது சாய்ந்த பின் விடுகிறேன்; குழாய்க்குள் மிஞ்சும் தண்ணீர் வெயிலில் காய்வதில்லை. குழாய்களைத் தென்னோலையாலும் பூவரசங் குழையாலும் மூடியிருக்கிறேன். வாரம் ஒருமுறை கடைசி மூடிகளைத் திறந்துவிட்டால் முதலில் பால் போலக் கலங்கிய தண்ணீர் வரும். அது தெளியும்வரை ஓடவிடுகிறேன். பயிர் முடிந்ததும் குழாய்களைச் சுருட்டி, 15 லீற்றர் தண்ணீரில் 150 கிராம் சித்திரிக் அமிலத் தூள் கரைத்த பெரிய பிளாஸ்ரிக் பேசினில் ஒவ்வொரு சுருளாக ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுகிறேன். தேசிக்காயின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம்தான். சுண்ணாம்பு நுரைத்துக் கரைவதைக் கண்ணால் காணலாம். இந்த வேலைக்கு நேரமில்லாதவர் பாத்தி முறையிலேயே இருப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கவனிக்காத சொட்டுக் குழாய் வெளிப்பார்வைக்கு ஒன்றும் காட்டாமலே செடியைக் கொன்றுவிடும்.

அணிலும் கோடையில் தண்ணீர் தேடிக் குழாயைக் கடிக்கும். வேலியோரம் இரண்டு சிரட்டைகளில் தண்ணீர் வைக்கத் தொடங்கிய பின் கடி மிகவும் குறைந்தது.

கீரைக்கு மட்டும் இந்த முறை ஒத்துவரவில்லை. தூவி விதைத்த முளைக்கீரைக்கு 30 சென்ரிமீற்றருக்கு ஒரு சொட்டு எட்டாது. அந்தப் பாத்திக்கு இன்றும் பூவாளிதான். வரிசையில் நடும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தயக்கமின்றிச் சொட்டு முறையைச் சொல்வேன். களை குறைந்ததும் அங்கேதான் நன்றாகத் தெரிந்தது.

ஆறு குழாய்களில் இரண்டை இதுவரை மாற்றியிருக்கிறேன். இரண்டும் மெல்லிய சுவருடைய மலிவு வகை. தடித்தவை நான்கும் நான்காம் ஆண்டிலும் உழைக்கின்றன. ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்து மாட்டுக்கொட்டிலின் வளையில் தொங்கவிடுகிறோம். சொட்டு நனைத்த இடங்களின் ஓரத்து மண்ணில் சேர்ந்த உப்பை மாரி மழை கழுவி இறக்கிவிடும். தையில் மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய பின் குழாய்கள் மறுபடி இறங்கும்.