பூநாரைக் கூட்டத்துக்கு சோனி 200-600 லென்ஸ் எப்படி?

2019-இல் வந்த சோனி 200-600 ஜி லென்ஸை வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்த 600 மிமீ குவியத் தூரத்துக்காகவே (தொலைவை நெருக்கிக் காட்டும் அளவு) வாங்குகிறார்கள். தனிப் பறவைக்கு அது சரி. பூநாரை (ஃபிளமிங்கோ) கூட்டம் பறக்கும்போது மட்டும் 250-க்கும் 400-க்கும் இடையில்தான் இதன் அருமை தெரியும்.

முழு ஃப்ரேம் (36 மிமீ அகல சென்சார்) கேமராவில், 100 மீட்டர் தள்ளிப் பறக்கும் கூட்டத்தை 600-இல் பிடித்தால் ஃப்ரேமுக்குள் அடங்கும் அகலம் 6 மீட்டர். பெரிய பூநாரை இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். நாலு பறவையோடு இடம் தீர்ந்துவிடும். லென்ஸ் துளை எஃப் 6.3-இல் ஃபோகஸ் ஆழமும் (முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் தூரம்) 10 மீட்டர் அளவுதான். எஃப் 8 வைத்தாலும் 13 மீட்டர்தான் வரும். அதே 100 மீட்டரில் 300-க்கு இறங்கி எஃப் 8 வையுங்கள்: அகலம் 12 மீட்டர், ஆழம் 55 மீட்டருக்கு மேல். முதல் வரிசை கூர்மையாகவும் பின்வரிசை கலங்கியும் வருகிறது என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள், முதலில் ஜூமைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிக் குறைப்பதற்கு இந்த லென்ஸ் மிகவும் தோதானது. ஜூம் வளையத்தைக் கால் வட்டம்கூடத் திருப்ப வேண்டாம், 600-லிருந்து 200-க்கு வந்துவிடலாம். இடதுகையைப் பெயர்த்து வைக்காமலே முடியும். ஜூம் உள்ளுக்குள்ளேயே நடப்பதால் குழல் நீளாது, எடை முன்னால் சாயாது. சிக்மா 150-600, டாம்ரான் 150-500 இரண்டிலும் குழல் வெளியே நீளும். பறவையைத் தொடர்ந்துகொண்டே ஜூம் மாற்றும்போது அந்த வேறுபாடு மணிக்கட்டில் தெரியும்.

கோடியக்கரையில் பனிக்காலக் காலைகளில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. பூநாரைகள் காற்றை எதிர்த்துச் சில எட்டு ஓடித்தான் எழும்பும். வெயில் தென்கிழக்கிலிருந்து வரும். அதை முதுகுக்கு வைத்து நின்றால் கூட்டம் இடமிருந்து வலமாகக் கடக்கும். ஃப்ரேமின் வலப்பக்கம் இடம் விட்டுப் பிடியுங்கள். எழும்புவதற்குமுன் தலைகள் ஒன்றாக நிமிரும், நடை வேகமாகும். கல்லெறிந்தோ படகை நெருக்கியோ கிளப்பவே கூடாது. இரை தேடும் நேரத்தில் அது பறவைகளுக்குச் செய்யும் கொடுமை.

எழும்பும்போது 200-இல் முழுக் கூட்டம். பிறகு கூட்டத்தின் நடுவை விட்டுவிட்டு, வரிசை மெலிந்து பிரியும் ஓரத்துக்கு 350, 400 என்று போங்கள். நடுவில் இறக்கைமேல் இறக்கை ஏறி வெறும் இளஞ்சிவப்புக் குவியலாகிவிடும். ஓரத்தில் ஒவ்வொரு கழுத்தும் தனியாக நிற்கும். ஃப்ரேமின் விளிம்பு இரண்டு பறவைக்கு நடுவே உள்ள இடைவெளியில் விழ வேண்டும். அரைப் பறவை அங்கே தொங்கினால் கண் அதற்குத்தான் ஓடும். தொடர் படங்களில், முன்னால் போகும் பறவையின் இறக்கை முழுக்க மேலேயோ கீழேயோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கவாட்டில் இறக்கை கிடையாக இருக்கும் நொடியில் அது வெறும் கோடுதான். செந்நிறமும் கறுப்பு ஓரமும் தெரியாது. க்ராப் செய்யச் சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டுவைப்பது நல்லது.

ஷட்டர் 1/2000 நொடி, மேனுவல் மோடு, ஆட்டோ ஐஎஸ்ஓ; வெளிறிய வானத்துக்கு வெளிச்சத் திருத்தம் +0.7. பறவைக் கண்ணைத் தேடும் ஃபோகஸ், கூட்டத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அதை அணைத்து, ஸோன் (ஃப்ரேமின் ஒரு பகுதியில் மட்டும் ஃபோகஸ்) வைத்து முன்வரிசையில் நிறுத்துங்கள். ஃபோகஸ் எல்லை சுவிட்ச் 10 மீட்டர் முதல் முடிவிலி வரை. இறக்கை குழைய வேண்டுமென்றே எடுப்பதானால் 1/30, நடுக்க நிவாரணம் மோடு 2 (கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுப்பதற்கானது). சோனி ஏ7 4 போன்ற கேமரா உடல்களில் மின்னணு ஷட்டர் வேண்டாம். இறக்கை வளைந்து விழும்.

குறைகளும் உண்டு. டிரைபாட் பாதம் இல்லாமலே 2,115 கிராம். அரைமணி கையில் தூக்கினால் தோள் கெஞ்சும். அந்தப் பாதத்தில் ஆர்கா பள்ளம் (டிரைபாட் தலையில் நேரடியாகப் பூட்டும் வெட்டு) இல்லை, கிம்பலில் (கனமான லென்ஸைத் தாங்கிச் சுழலும் டிரைபாட் தலை) பூட்டத் தனித் தட்டு வாங்க வேண்டும். 95 மிமீ ஃபில்டர் விலை அதிகம். பொழுது சாயும்போது எஃப் 6.3 ஐஎஸ்ஓ-வை ஏற்றிவிடும். ஆயிரக்கணக்கில் எழும்பும் கூட்டம் பக்கத்தில் இருந்தால் 200-இன் அகலம் போதாது, இன்னொரு உடலில் 70-200 வேண்டும். உப்பளத்தின்மேல் வெயில் ஏறிக் கானல் ஆடத் தொடங்கியபின் எந்த லென்ஸும் கூர்மை தராது. அப்போது லென்ஸை மூடிவிட்டு, ஈரத்துணியால் உப்புப் படிவைத் துடைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.