உயிலா, செட்டில்மென்டா? குமரி மாவட்டக் கடைக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும்

மார்த்தாண்டத்தில் ஒரு கடை, குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர், குடியிருக்கும் வீடு. மூத்தவன் கடையில் நிற்கிறான், இளையவன் கத்தாரில், மகளைக் களியக்காவிளையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. குமரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஏராளம். சொத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இவர்களுக்கு உள்ள வழிகள் மூன்று: உயில் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளை பெயருக்கு மாற்றும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், ஒன்றும் எழுதாமல் விடலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருக்கும் வீடும் கைச்செலவுக்கு வருமானம் தரும் சொத்தும் கடைசிவரை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு உயில் போதும். செட்டில்மென்ட், பிள்ளை ஏற்கெனவே ஏற்று நடத்தும் கடைக்கும் தோட்டத்துக்கும் மட்டும்.

எழுதாமல் விட்டால் யாருக்கு எவ்வளவு என்பதை உங்கள் மதத்துக்குரிய சட்டம் முடிவு செய்யும். இந்து ஆண் இறந்தால் அவருடைய தனிச்சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. கிறிஸ்தவர் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கே கிடையாது. வயதான அம்மாவை வைத்துப் பார்க்கும் கிறிஸ்தவக் குடும்பத் தலைவர்கள் உயில் எழுத இந்த ஒரு காரணமே போதும்.

"மகளுக்குக் கல்யாணத்திலேயே கொடுத்தாச்சு" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்தபோது வந்த 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில், மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்ற பெண் சமபங்கு கேட்டுத் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது: 1951 ஏப்ரல் 1 முதலே 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்றது. அந்தச் சட்டத்தின் 49-ஆவது பிரிவுப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது, அவர் உயிரோடு இருந்தபோது கொடுத்ததைக் கழிக்க முடியாது. நகையும் ரொக்கமும் கொடுத்திருந்தாலும் மகளின் பங்கு அப்படியே நிற்கும். அவள் பங்கை வேறுமாதிரி வைக்க நினைத்தால் எழுதித்தான் ஆகவேண்டும், அவளிடம் பேசிவிட்டு.

எழுதாததன் இன்னொரு தொல்லை கையெழுத்து. கடையை அடமானம் வைக்கவோ தோட்டத்தை விற்கவோ எல்லா வாரிசுகளும் ஒப்ப வேண்டும். கத்தாரில் இருப்பவர் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பி, அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் பாகப்பிரிவினை வழக்குத்தான்.

செட்டில்மென்டின் பலம் உறுதி. பதிவானதும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், பட்டா மாறும், மகன் தன் பெயரில் கடன் வாங்கிக் கடையைப் பெருக்கலாம். குடும்பத்துக்குள் என்றால் செலவும் தாங்கும்: முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000.

ஆபத்தும் அந்த உறுதியில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததை மனம் மாறி நீங்களாக ரத்து செய்ய முடியாது. மகன் கடனை அடைக்காவிட்டால் வங்கி ஏலம் விடுவது நீங்கள் சம்பாதித்த கடையை. பலர் யோசிக்காத ஒன்று, மகன் முந்திப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது. இந்துக் குடும்பத்தில் அவன் சொத்து அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் போகும். எழுதிக் கொடுத்த அப்பாவுக்கு அதில் ஒரு சென்ட்கூட வராது.

அதனால் பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, உங்களுக்கும் மனைவிக்கும் ஆயுள்கால அனுபவ உரிமை. மற்றது, பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. அறுபது வயது கடந்தவர் அப்படி எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காமல் விட்டால், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் (2007) 23-ஆவது பிரிவின்படி பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் கோட்டத் தீர்ப்பாயங்களில் மனு கொடுக்க வேண்டும். "அன்பின் பேரில்" என்று மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு அங்கே போராடுவது கடினம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, எத்தனை முறையும் மாற்றலாம். நம் மாவட்டச் சொத்துக்கு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்ற சான்று) வாங்கியே தீரவேண்டும் என்பதும் இல்லை. சண்டையெல்லாம் உயில் எழுதியவர் போன பிறகுதான் வரும், அப்போது உயிலை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். ஆகவே உங்களைவிட வயது குறைந்த, ஊரிலேயே இருக்கும் இருவரைச் சாட்சியாகப் போட்டு, பதிவும் செய்துவிடுங்கள். கிறிஸ்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு: சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது, உயில் எழுதியவர் அப்புறம் திருமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு இந்த இரண்டு விதியும் இல்லை. முஸ்லிம்கள் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, அதுவும் வாரிசு அல்லாதவருக்குத்தான். அவர்களுக்கு உயிரோடு இருக்கும்போதே ஹிபா (முஸ்லிம் சட்டப்படியான தானம்) கொடுத்து அனுபவத்தையும் ஒப்படைப்பதே வசதி.

சரி, கட்டடம் மகன் பெயருக்குப் போனாலும் வியாபாரம் தானாகப் போகாது. உங்கள் தனிப்பெயரில் நடக்கும் கடை என்றால் உங்களுக்குப் பின் மகன் புது ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். இப்போதே அவனைக் கூட்டாளியாக்குவது நல்லது. ஆனால் நீங்கள் இருவர் மட்டும் என்றால் ஒருவர் இறந்ததும் கூட்டு நிறுவனம் கலைந்துவிடும். மனைவியையோ மகளையோ மூன்றாவது கூட்டாளியாகச் சேர்த்து, ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, இறந்தவரின் பங்குக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.