ஒற்றைத் தலைவலி: வடசென்னையில் பார்த்த வைத்தியம்

கனடாவிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு வந்ததும், அக்காவின் ஒற்றைத் தலைவலிக்கு முறையான வைத்தியம் பார்த்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். நெற்றிப்பொட்டின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். வெளிச்சமும் மீன் வறுக்கும் வாடையும் ஆகாது. வாந்தி எடுத்த பிறகே சற்றுத் தணியும். தனியார் மருத்துவமனை ஒன்றில் விவரம் அதிகம் கேட்காமலே எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அதைத் தள்ளிவைத்துவிட்டு, பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காலையிலேயே ஓ.பி. சீட்டு போட்டோம். நரம்பியல் டாக்டர் கண்ணுக்குள் ஒளி அடித்துப் பார்த்து, கைகால் வலுவைச் சோதித்துவிட்டு, "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்கம்மா?" என்று கேட்டார். அக்கா பையிலிருந்து எடுத்த காகிதக் கவரில், தெருமுனை மெடிக்கலில் இரண்டிரண்டாக வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டுகள் நிறைந்திருந்தன. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, அல்லது பல மருந்துகள் சேர்ந்த கலவை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்று அவர் விளக்கினார். எந்த ஸ்கேனும் காட்டாத கணக்கு இது.

பல ஆண்டுகளாக ஒரே மாதிரி வரும் வலிக்கு, பரிசோதனையிலும் குறை தெரியாதபோது, பெரும்பாலும் ஸ்கேன் தேவையில்லையாம். ஆனால் இடி விழுந்தாற்போல் திடீரென்று வரும் கடும் வலி, கழுத்து விறைப்புடன் காய்ச்சல், கைகால் பலவீனம், பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றில் தாமதிக்கக் கூடாது.

தலைவலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மருந்துகளில், அக்காவுக்கு வீசிங் இருப்பதால் புரோப்ரனலாலைத் தவிர்த்து, குறைந்த அளவில் இரவில் போடும் அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். இரண்டுமே விலை மலிவான பழைய மருந்துகள். கனடாவில் என்னுடன் வேலை செய்பவர் இதற்கு மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்கிறார். அதன் விலையைச் சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார்.

மருத்துவமனையில் மாத்திரை இலவசம். வெளியே வாங்க நேர்ந்தால், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ மக்கள் மருந்தகங்களிலோ, கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்டால் செலவு குறையும். தடுப்பு மருந்தின் பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகுமாம். அதுவரை வலி வந்த நாளையும் மாத்திரை போட்ட நாளையும் காலண்டரில் குறித்துவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்தத் தாள்களைப் பார்த்த பிறகே மருந்தின் அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று முடிவு செய்வார்கள்.