74 பேனல், நான்கு வாளி

2025 செப்டம்பர் 22 அன்று சோலார் பேனலுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த வாரமே சகலையிடமிருந்து அழைப்பு வந்தது. பெரியபாளையம் சாலையில் புதிதாக ஒரு குடோன் கட்டிக்கொண்டிருக்கிறார். "நீங்கள் போட்டு நான்கு வருடம் ஆகப்போகிறதே, போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். ஒரே வார்த்தையில்தான் சொன்னேன். அதைச் சொன்ன நேரம் சரியில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

செங்குன்றத்தைத் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் மண்சாலையில் எங்களுக்கு இரண்டு ஷெட்டுகள். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து வரும் சரக்கை நம்பித்தான் இந்தப் பகுதி முழுக்கக் குடோன்கள் முளைத்தன. முதல் ஷெட்டின் கூரையில் 2022 பிப்ரவரியில் 540 வாட் பேனல்கள் 74 ஏற்றினேன். ஏறத்தாழ 40 கிலோவாட். நல்ல நாளில் 160 யூனிட் தருகிறது. விற்பனைக்கு வந்தவர் சொன்ன கணக்குக்கும் மீட்டர் காட்டும் கணக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் நானே தவறாக நினைத்திருந்தேன். அக்னி நட்சத்திர வெயிலில் மின்சாரம் கொட்டும் என்று எதிர்பார்த்தேன். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். எங்கள் கூரையில் மாசியும் பங்குனியும்தான் சிறந்த மாதங்கள்.

இன்னொன்று, குடோனுக்குக் கூரை பெரிது, மின்தேவை சிறிது. விளக்கு, மின்விசிறி, இரண்டு பேட்டரி ஃபோர்க்லிஃப்ட், ஒரு சிறிய அலுவலக அறை, இவ்வளவுதான் எங்கள் செலவு. மிஞ்சுவது கம்பி வழியே வெளியே போகிறது. அதற்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் யூனிட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இரவில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்ட்டுகளை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிய பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

இனி ஒழுகல்.

எங்கள் கூரை, மேடும் பள்ளமுமாக வரும் சாதாரணத் தகர ஷீட். பேனலைத் தாங்கும் அலுமினிய ரெயிலுக்குக் கால் வைக்க வேண்டுமென்றால், மழைநீர் ஓடாத மேட்டில்தான் துளை போட வேண்டும். எங்களுக்குப் போட்டவர்கள் பள்ளத்தில் போட்டுவிட்டார்கள். பள்ளத்தில் திருகினால் கீழே இரும்புச் சட்டம் நேராகக் கிடைக்கும், குட்டைத் திருகு போதும், வேலை சீக்கிரம் முடியும். மழைநீர் ஓடும் வாய்க்காலின் நடுவில் துளை போட்டு, ரப்பர் வாஷரை நம்பி இறங்கிப் போய்விட்டார்கள். அன்று கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

வாஷர் மட்டும் என்றால் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கும். ஆனால் அலுமினியம் வெயிலில் இரும்பைப்போல ஏறக்குறைய இருமடங்கு நீளும். ஆறு மீட்டர் ரெயில், கீழே இருக்கும் தகரத்தைவிட ஒரே பகலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டு, இரவில் சுருங்குகிறது. நீளும்போதும் சுருங்கும்போதும் திருகை ஆட்டுகிறது. இரண்டு கோடை போதும், துளை வட்டமாக இருக்காது.

அதற்கு மேல் சாம்பல். செங்குன்றத்து அரிசி ஆலைகளைத் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. நெல் அவிக்க உமியை எரிக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பும் மாதங்களில் கறுப்புத் தூள் கூரையெங்கும் படிகிறது. விடியற்காலைப் பனியில் அது பேனல்மேல் பசைபோல ஒட்டும். கழுவினால் அன்றைக்கே 20, 25 யூனிட் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம் (போர்வெல் தண்ணீரில் கழுவாதீர்கள், உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும்). கழுவிய சாம்பல் எங்கே போகும்? பேனலுக்கு அடியில், பள்ளத்தில், அந்தக் கால்களைச் சுற்றித்தான் போய் அடைகிறது. துடைப்பம் அங்கே எட்டாது. மழை பெய்ததும் ஒவ்வொரு காலைச் சுற்றியும் ஒரு குட்டி ஏரிக்கரை. தண்ணீர் ஓடிப்போகாமல் துளையின்மேல் நின்றுகொண்டு உள்ளே இறங்க வழி பார்க்கும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது முதல் சொட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது நான்கு வாளிகள். அந்தக் காற்றில் ஒரு பேனல்கூட அசையவில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நின்றது நின்றபடி நின்றது. கீழேதான் ஆறு ஓடியது. ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறு. நீர் ஷீட்டின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடந்து வந்து தனக்குப் பிடித்த இடத்தில் சொட்டுகிறது. எங்கள் வாடகைதாரர் அடுக்கியிருந்ததோ குழந்தைகளுக்கான டயாப்பர். தண்ணீரை உறிஞ்சுவதற்கென்றே செய்த பொருளைத் தேடித்தேடிச் சொட்டியது. ஒரு பெட்டி ஊதி வெடித்துக் கிடந்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, அதற்கான பணத்தை எண்ணிக் கொடுக்கும்வரை.

பேனல் போட்டவரை அழைத்தால், "கூரை எங்கள் பொறுப்பில்லை" என்றார். ஷீட் விற்றவரை அழைத்தால், "துளை போட்ட அன்றே உத்தரவாதம் போய்விட்டது" என்றார். பேனலுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் அச்சடித்த தாளில் இருக்கிறது. ஓட்டைக்கு ஒரு வரி இல்லை. ஒவ்வொரு மழைக்கும் சிலிகான் பூசினோம், ஒவ்வொரு வெயிலுக்கும் அது உரிந்து வந்தது.

கடைசியில் 2025 அக்டோபரில் சரிசெய்தவர் சோலார்காரர் இல்லை. பாடியநல்லூரைச் சேர்ந்த கூரை மேஸ்திரி ஒருவர். வரிசை வரிசையாகப் பேனல்களைக் கழற்றி, கால்களைப் பிடுங்கி, பழைய துளைகளின்மேல் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் பசைப் பட்டை) ஒட்டி, தகரத் துண்டு வைத்து ரிவெட் அடித்தார். நீள ரெயில்களுக்குப் பதிலாக மேட்டின்மேல் உட்காரும் மினி ரெயில்கள். சாண் நீளத்துக்கு நீள்வதற்கு என்ன இருக்கிறது? ஒன்பது நாள் உற்பத்தி போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு நல்ல மழை பார்த்தாகிவிட்டது. வாளிகளைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறோம். எடுத்து உள்ளே வைக்க இன்னும் தைரியம் வரவில்லை.

யாரும் சொல்லாத லாபம் ஒன்றும் உண்டு. பேனல் இருக்கும் பக்கம் தகரத்தில் வெயில் விழுவதில்லை. இடைவெளியில் காற்றும் ஓடுகிறது. மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பகுதியில் நின்றால் வித்தியாசம் உச்சந்தலைக்குத் தெரியும். லாரியிலிருந்து பெட்டி இறக்குபவர்கள் இதை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவது ஷெட்டில் வேலை செய்பவர்கள் தூக்குவாளியோடு முதல் ஷெட்டுக்கு வந்து சாப்பிட்டு, அரை மணி நேரம் படுத்துவிட்டுப் போகிறார்கள். "அந்தப் பக்கம் எப்போது போடுவீர்கள்?" என்று அவர்களுடைய மேஸ்திரி இரண்டு முறை கேட்டுவிட்டார். மின்கட்டணத்தில் மிஞ்சிய காசைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. கூட்டிப் பார்த்தால் நான்கு வரவேண்டும் என்பது எனக்கும் தெரிகிறது. கூட்டிப் பார்க்கும் மனநிலை இல்லை.

சகலையிடம் நான் சொன்ன ஒரே வார்த்தை "வேண்டாம்". அவர் போடப்போவது துளையே தேவைப்படாத ஸ்டாண்டிங் சீம் கூரை. ஷீட்டின் மடிப்பைக் கிளாம்ப் கவ்விக்கொள்ளும், ஒரு திருகுகூட உள்ளே போகாது. என் கதை அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் அவர் அழைத்தபோது நான் மூன்றாவது முறையாக, ஊறிப்போன டயாப்பர் பெட்டிகளுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன்.