எட்டு வயது மகனுக்கு ஸ்லீப் ஸ்டடி: எங்கள் அனுபவம்

பள்ளியிலிருந்து இரண்டு வருடமாக ஒரே புகார். உட்கார மாட்டேன் என்கிறான், சொன்னது காதில் ஏறுவதில்லை, சின்ன விஷயத்துக்கும் அழுகை, கோபம். ஏ.டி.எச்.டி.யாக (கவனக் குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் இருக்கும் பிரச்சினை) இருக்குமோ என்று குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் முதலில் கேட்டது, "ராத்திரி எப்படித் தூங்குறான்மா?" போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். வாய் பிளந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துக் குறட்டை விடுகிறான். நடுவில் சத்தமே நின்றுபோய், ஒரு திணறலோடு மறுபடி மூச்சு வருகிறது. "அப்பா மாதிரியே" என்று வீட்டில் நாங்கள் கொஞ்சிய குறட்டை அது. இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

தூக்கம் கெட்டால் பெரியவர்கள் பகலில் சோர்ந்து விழுவார்கள். குழந்தைகளில் பலர் ஓடுவார்கள், கத்துவார்கள், எரிந்து விழுவார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். ராத்திரி முழுக்கத் தூக்கத்தையும் மூச்சையும் பதிவு செய்யும் சோதனை அது. 12,000 ரூபாய். டெக்னீஷியன் பெண் தங்கமானவர். முதல் வயரை என் நெற்றியில் ஒட்டிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் அவனைத் தொட்டார். தலையில், கன்னத்தில், கால்களில் எல்லாம் வயர். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டி, விரலில் சிவப்பு விளக்கு. ஆனால் ஒன்பது மணிக்குத் தூங்குகிற பிள்ளைக்கு இதெல்லாம் முடியவே பத்தரை ஆகிவிட்டது. பட்டி பெரியவர் அளவு. நழுவி நழுவி, மூன்று முறை உள்ளே வந்து சரிசெய்தார்கள்.

ரிப்போர்ட்டில்தான் எனக்குப் பெரிய வருத்தம். பத்து நாள் கழித்து வந்தது. மணிக்கு 9 தடவை மூச்சு தடைபடுகிறது, "லேசான பாதிப்பு" என்று போட்டிருந்தார்கள். கவுண்டரில் "பயப்பட ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்ததும், "இது பெரியவங்க கணக்கும்மா" என்றார். பெரியவர்களுக்கு 5 வரை சாதாரணம், 15 வரை லேசு. குழந்தைக்கு மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அன்று அவரிடம் போகாமல் இருந்திருந்தால் அந்தத் தாள் பீரோவுக்குள் போயிருக்கும்.

கோடை விடுமுறையில் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் அறுவை செய்து எடுத்தாயிற்று. தூக்கத்தில் கால் உதைத்ததும் பதிவாகியிருந்ததால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) பார்த்தார்கள், குறைவாக 14தான் இருந்தது. இரும்புச்சத்து சிரப் ஓடுகிறது. நாலு மாதத்தில் படுக்கை நனைப்பது நின்றுவிட்டது. காலையில் கத்தாமல் எழுகிறான். சாயங்கால அழுகை முக்கால்வாசி போய்விட்டது.

கவனம் மட்டும் முழுதாக வரவில்லை. கணக்கை இன்னும் பாதியில் விடுகிறான். மனநல மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். 2013இல் அமெரிக்காவில் 464 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்விலும், அறுவை செய்துகொண்ட பிள்ளைகளின் தூக்கமும் நடத்தையும் நன்றாகத் தேறின. கவனத்தை அளக்கும் சோதனையில் மட்டும், அறுவை செய்யாமல் காத்திருந்த பிள்ளைகளைவிடப் பெரிய வித்தியாசம் இல்லையாம். தூக்கப் பிரச்சினையும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்கலாம். அடுத்த மாதம் அதற்காக மறுபடி பார்க்கிறார்கள்.

போகிறவர்கள் குழந்தை அளவு பட்டி இருக்கிறதா, ரிப்போர்ட் படிப்பவர் குழந்தைகளைப் பார்ப்பவரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக் கூட்டிப்போங்கள். வயரோடு டி-ஷர்ட் கழற்ற முடியாது.