ஊர்ப் பள்ளியா, டவுன் பள்ளியா, 25 சதவீத சீட்டா?

"நாங்க இருக்கறது பக்கத்துப் பஞ்சாயத்துங்க, இந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?" கோபி, பெருந்துறை, காங்கேயம் பக்கம் மே மாதம் முழுக்க இந்தக் கேள்வி காதில் விழும். சேர்த்துக்கொள்வார்கள். இந்த வார்டுப் பிள்ளை, இந்தப் பஞ்சாயத்துப் பிள்ளை மட்டும்தான் என்று எல்லை வகுத்துத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சேர்க்கை நடப்பதில்லை. கல்வி உரிமைச் சட்ட விதிகளில் 1 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் என்று வருவது அரசின் தலையில் வைத்த பொறுப்பு. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரைக்கும் 3 கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் அது. அதைத் தாண்டிப் பிள்ளை போகக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

அப்புறம் ஏன் இத்தனை குழப்பம்? தனியார் பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் 25 சதவீத இடத்துக்குத் தூரம் பார்ப்பார்கள். அந்த விதியை எல்லாப் பள்ளிக்கும் சேர்த்து நினைத்துக்கொள்கிறோம். அரசுப் பள்ளியைப் பொறுத்தவரை நம்மைத் தடுத்து நிறுத்துவது பஸ் நேரமும், வகுப்பில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதும்தான்.

நம் பக்கத்தில் பாதிப் பேர் ஊருக்குள் இல்லை, தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஊர்ப் பள்ளிக்கே 2 கிலோமீட்டர் போக வேண்டும், டவுனுக்கு எட்டோ ஒன்பதோ. அப்படிப்பட்ட குடும்பத்தை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

ஊர்ப் பள்ளி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் ஒன்று முதல் ஐந்து வரை. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டக் கணக்கு. அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் அன்றைக்கு எல்லோரும் ஒரே அறையில்தான். இதைக் கேட்டதுமே பலர் டவுன் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அது அவசரம் என்பது என் எண்ணம். 25 பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளைக்கு எந்த எழுத்து தடுமாறுகிறது என்று அந்த டீச்சருக்குத் தெரிந்திருக்கும், அப்பன் எந்தத் தறியில் வேலை செய்கிறார் என்பதும் தெரிந்திருக்கும். காலை உணவும் உண்டு. 2022இல் தொடங்கிய இந்தத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஓடுகிற வீட்டில் இது எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்று அந்த வீட்டு அம்மாக்களைக் கேட்டால் தெரியும்.

பள்ளியை எடைபோட ஒரு வழிதான் எனக்குத் தெரியும். ஆண்டு விழா அன்றைக்குப் போகாதீர்கள், சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் போங்கள். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைப் பாடப் புத்தகத்தில் நடுவே ஏதாவது ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். திக்கித் திணறினாலும் வாசித்து முடித்தால் பள்ளி நடக்கிறது. டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்பித்தால் வேறு இடம் பார்க்கலாம்.

டவுன் அரசுப் பள்ளி

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் கணக்கு மாறிவிடும். ஆறாம் வகுப்புக்கு எப்படியும் பள்ளி மாற வேண்டும், ஊரில் இருப்பது நடுநிலைப் பள்ளியாக இருந்தால் எட்டு வரை தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். டவுன் மேல்நிலைப் பள்ளிக்குப் போனால் பன்னிரண்டு வரை ஒரே இடம். பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆய்வகம், பதினொன்றில் பிரிவு தேர்ந்தெடுக்க இடம். சின்ன ஊர் மேல்நிலைப் பள்ளிகளில் இரண்டோ மூன்றோ பிரிவுகள்தான் இருக்கும். உயிரியல் வேண்டும் என்கிற பிள்ளைக்கு அது இல்லாத பள்ளி பக்கத்தில் இருந்து என்ன பிரயோசனம்?

திருப்பூரில் ஜெய்வாபாய் மாநகராட்சிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆயிரக்கணக்கில் மாணவிகள் படிக்கிறார்கள். அத்தனை பேரும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளா என்ன? மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சலுகைகளும் அங்கே பொருந்தும்.

இப்படிப் பேர் வாங்கிய பள்ளிகளில்தான் இடச் சிக்கல் வரும். சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து முடித்தவர்களை முதலில் சேர்த்துக்கொண்டு, "உங்க ஊர்ப் பக்கமே ஸ்கூல் இருக்குதுங்களே" என்று நம்மைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அங்கே சட்டம் பேசிச் சண்டைக்கு நின்றால் வேலை ஆகாது. "இல்லீங்க டீச்சர், பஸ் இந்தப் பக்கந்தானுங்க வருது, அவ அக்காவும் இங்கதானுங்க படிக்கிறா" என்று காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். எட்டாம் வகுப்பு வரைக்கும் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சலிக்கச் சட்டத்தில் இடம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதுகாப்பு எட்டோடு நின்றுவிடும். பதினொன்றில் எந்தப் பிரிவு என்பதைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் முடிவு செய்யும்.

இனி பஸ். இதைச் சரியாகப் பார்க்காமல் சேர்த்துவிட்டு ஆடி மாதத்தில் டிசி வாங்க வருகிறவர்கள் உண்டு. அரசுப் பஸ்ஸில் மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், சின்னப் பிள்ளையோடு அம்மா போய் விட்டுவிட்டு வரவும் காசு ஆகாது. ஆனால் ஈரோடு, நாமக்கல், திருப்பூர்ப் பக்கம் பல தடத்தில் ஓடுவது தனியார் பஸ். அங்கே அந்த அட்டை செல்லாது. நம் ஸ்டாப்பில் பள்ளி நேரத்துக்கு வருவது அரசு வண்டியா தனியாரா என்று முதலில் பாருங்கள். சாளையிலிருந்து மெயின் ரோட்டுக்கு அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் பால் கேனும் பின்னால் பையனுமாகக் கொண்டுவந்து இறக்குவார், காலையில் அது நடந்துவிடும். சாயங்காலம்தான் பிரச்சினை. பத்தாம் வகுப்பில் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் அரசு பஸ் போயிருக்கும், அடுத்ததற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் அந்தச் சாயங்கால பஸ்ஸில் நீங்களே ஏறி வந்து பாருங்கள்.

அரசு உதவிபெறும் பள்ளி

பார்வைக்கு அரசுப் பள்ளி மாதிரியே இருக்கும். கோபி வைரவிழா, பீளமேடு சர்வஜனா மாதிரிப் பழம்பெரும் பள்ளிகள் இந்த வகை. அப்பாவும் பெரியப்பாவும் படித்த பள்ளி என்ற ஒட்டுதல் வேறு. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் இலவசம், பஸ் அட்டை உண்டு, தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது. ஆனால் சில உதவிபெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு மட்டும் சுயநிதி, அதற்குக் கட்டணம் உண்டு. சேர்க்கும்போதே எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள்.

பெரிய வித்தியாசம் பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம்தான் தெரியும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளி இதில் சேராது. ஏழாம் வகுப்பை மட்டும் உதவிபெறும் பள்ளியில் படித்தாலும் அந்தக் கதவு அடைபட்டுவிடும். கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களுக்கும் இடம் உண்டு, அது வேறு விஷயம். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீதம் பயிற்றுமொழியைப் பார்க்கும், பள்ளி வகையைப் பார்க்காது.

டாக்டர், இன்ஜினியர் கனவு வீட்டில் இருக்கிறது, நீட் கோச்சிங்குக்குப் பணம் இல்லை என்றால் நான் ஆறாம் வகுப்பில் உதவிபெறும் பள்ளியைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், தோட்டத்துக் குடும்பத்துக்குக் கைக்கு எட்டாததும் இதுதான். பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். பெரும்பாலும் எல்கேஜியில் மட்டும்தான் நுழைய முடியும், ஆறாம் வகுப்பில் போய்க் கேட்டால் கிடைக்காது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயமும் இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 2025-26இல் ஒன்றிய அரசின் நிதி வராததால் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்தது. அதுவரைக்கும் பிள்ளையை எங்கே வைத்திருப்பது?

1 கிலோமீட்டருக்காக டவுனில் மாமன் வீட்டு முகவரியில் வாடகை ஒப்பந்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு, ஆதார், சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக முகவரி மாற்றி, கடைசியில் குலுக்கலில் பேர் வராமல் போனால் மறுபடி எல்லாவற்றையும் திருப்பி மாற்ற வேண்டும். கிடைத்தாலும் அரசு கொடுப்பது கல்விக் கட்டணம்தான். வேன், சீருடை என்று கையிலிருந்து போவது நிற்காது. எட்டாம் வகுப்போடு சலுகை முடியும், ஒன்பதில் முழுக் கட்டணம். ஒரு நல்லது இருக்கிறது. இந்த வழியில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. இப்போது டவுனிலேயே, பள்ளிக்கு எதிர்த் தெருவிலேயே குடியிருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். தோட்டத்திலிருந்து இதற்காகவே குடிபெயர்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்முச்சி வீடு

எந்த அரசாணையிலும் இல்லாத வழி இது, ஆனால் நம் பக்கத்தில் இதில் படித்துத்தான் ஒரு தலைமுறையே வந்தது. அம்மாவைப் பெற்ற அம்முச்சியின் வீடு டவுனிலோ டவுன் ஓரத்திலோ இருந்தால் பிள்ளையை அங்கே விட்டு, பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுவது. பஸ் தொல்லை ஒரே அடியாகத் தீரும். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப அனுப்பலாம். ஆறாம் வகுப்புக்கு மேல் இதை நான் ஆதரிப்பேன். ஐந்து வயதுப் பிள்ளையை விடுவது மட்டும் வேண்டாம். அம்முச்சிக்கும் வயசாகிறது, யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

ஒன்பதாம் வகுப்பில் அரசு மாதிரிப் பள்ளி என்று இன்னொரு வழியும் இருக்கிறது. மாவட்ட அளவில், தங்கிப் படிக்கும் வசதியோடு, இலவசம். அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத்தான் அது திறக்கும் என்பதால், நடுவில் தனியார் பக்கம் போய் வருவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஐந்து வரை ஊர்ப் பள்ளி, ஆறிலிருந்து அரசு பஸ் போகிற டவுன் அரசுப் பள்ளி. முன்னே சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் ஊர்ப் பள்ளி ஏமாற்றினால் மட்டும் ஒன்றிலேயே வெளியே போகலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

மாற்றும்போது டிசிக்காகப் பயப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு இடையே மாறுவது பிள்ளையின் உரிமை. கேட்டவுடன் டிசி கொடுக்க வேண்டும், டிசி தாமதம் என்று புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. நடைமுறையில் இழுப்பது எமிஸ், அதாவது மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பதிவு. பழைய பள்ளி பிள்ளையின் பெயரை எமிஸ் பொதுத் தொகுப்புக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். டிசி வாங்கும்போதே, அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரிடம் "எமிஸ்ல விட்டாச்சுங்களா?" என்று கேட்டு, அவர் விட்டதைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.