அமிர்தாஞ்சன், கோடாலித் தைலம்: எது எதற்கு, எவ்வளவு

வீட்டில் இரண்டும் இருந்தால் கைக்கு அகப்பட்டதைத் தடவுவதுதான் வழக்கம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 1893-இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கி, பின்னால் சென்னைக்கு வந்துவிட்ட அமிர்தாஞ்சன், மெழுகுப் பதமான மஞ்சள் களிம்பு. மெதுவாக ஏறும், கொஞ்ச நேரம் நின்று பேசும். 1928-இல் சிங்கப்பூரில் லியுங் யுன் சீ தொடங்கிய கோடாலித் தைலம் தண்ணீராக ஓடும் எண்ணெய். மெந்தால் 20, யூகலிப்டஸ் தைலம் 15, மெத்தில் சாலிசிலேட் 15, கற்பூரம் 5 சதவீதம். தடவியதும் சுள்ளென்று ஏறும், அதே வேகத்தில் பறந்தும் போகும்.

தலைவலிக்குக் களிம்புதான் தோது. ஒரு பக்கத்துக்கு ஒரு மிளகளவு போதும். புருவ ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, பொட்டில். நெற்றி முழுக்க அப்பினால் வேர்வையோடு கண்ணில் இறங்கும். வெறும் தண்ணீரில் அது தோலை விட்டுப் போகாது. பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட வேண்டும். கண்ணுக்குள்ளேயே போய்விட்டால் எண்ணெய் கூடாது, கசக்கவும் கூடாது. நல்ல தண்ணீரைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள்.

மூக்கடைப்புக்கும் பஸ் பயணக் குமட்டலுக்கும் தைலம். கைக்குட்டை ஓரத்தில் இரண்டு சொட்டு. மூக்குத் துளைக்குள் விடுவது முட்டாள்தனம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மெந்தால் மூக்கின் வீக்கத்தைக் குறைப்பதில்லை, குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி, காற்று தாராளமாகப் போவதுபோலத் தோன்ற வைக்கிறது. அதனால்தான் நடுராத்திரியில் மறுபடி அடைத்துக்கொள்கிறது.

ஆவி பிடிக்கும் தண்ணீரில் களிம்பைக் கரண்டியால் வழித்துப் போடுகிறவர்கள் உண்டு. அது கரையாது. உருகி மேலே படலமாக மிதக்கும். முதல் அரை நிமிடத்தில் காரமெல்லாம் கண்ணைக் கரிக்க வைத்துவிட்டுப் போய்விடும், மிச்சம் வெறும் வெந்நீர்தான். அந்தப் பாத்திரத்தில் மறுநாள் பால் காய்ச்சினால் காபியிலும் கற்பூர வாசனை அடிக்கும். வெறும் ஆவியே போதும்.

சுளுக்குக்கு இரண்டில் எதுவானாலும் சரி, ஆனால் அன்றைக்கே வேண்டாம். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒற்றடம். புதுச் சுளுக்கை அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும், இறுக்கிக் கட்டுவதும் பெரிய தப்பு. தோல் கொப்பளித்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக ரத்தத்தில் கலக்கும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இரண்டுமே கூடாது. விழுங்கினால் கற்பூரம் வலிப்பு வரவழைக்கும், ஆகையால் குப்பி சாமி அலமாரியில் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது.

மூடி தளர்ந்திருந்தால் களிம்பின் மேல்பரப்பில் காரம் பறந்து வெறும் மெழுகுதான் மிஞ்சும். மேலே உள்ளதை வழித்து எறிந்துவிட்டு, அடியிலிருந்து எடுங்கள்.